ஆறாம் நாள் கெட்ட பழம்

பாலைமரக் காட்டில் கோடை வந்தால் பழம் கொட்டும். சின்னச் சின்னதாய், மஞ்சளாய், தித்திப்பாய் இருக்கும் பாலைப்பழம். இரண்டு மாதத்துக்குக் காடே தின்னும். ஆனால் பறித்த பழம் இரண்டாம் நாள் குழைந்துவிடும். மூன்றாம் நாள் புளித்துவிடும். தின்றது போக மிச்சமெல்லாம் மரத்தடியில் அழுகிக் கிடக்கும். அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்தக் காட்டில் பஞ்சம்தான்.

ஏழு நாள் நடை தூரத்தில் ஆற்றங்காடு இருந்தது. அங்கே கிழங்கு ஏராளம். பாலைப்பழம் மட்டும் கிடையாது. பழத்தைக் கொடுத்துக் கிழங்கு வாங்கி வரலாம். ஆனால் ஏழு நாள் பழம் தாங்க வேண்டுமே! பழம் போக முடியாததால் விலங்குகள் போயின. ஒவ்வொரு கோடை முடிவிலும் சில குடும்பங்கள் ஆற்றங்காட்டுக்குப் புறப்பட்டு, அங்கே அடுத்தவர் வளையில் ஒண்டிக்கொண்டன. திரும்பி வந்தவை குறைவு.

இவை இரண்டும் சேர்ந்த ஏழு காடுகளையும் ஆண்டது யானை அரசி. புதிதாக எதையாவது செய்து பார்க்க நினைக்கும் விலங்குகள் அதுவரை ஆற்றங்காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பட்டறை, கருவி, சொல்லித்தர ஆள், எல்லாமே தலைநகரான அந்தக் காட்டில். அரசி அதை மாற்றியது.

"மூளை ஏழு காட்டிலும் இருக்கிறது. பட்டறை மட்டும் ஏன் ஒரே காட்டில் இருக்க வேண்டும்?" என்று கேட்டு, ஒவ்வொரு காட்டிலும் ஒரு முயற்சிக் கூடம் திறக்க உத்தரவிட்டது.

பாலைமரக் காட்டுக் கூடத்துக்குப் பொறுப்பாளராக வந்தது ஓர் அரிவாள்மூக்கன். நீண்டு வளைந்த மூக்கால் சேற்றைக் கிளறி இரை தேடும் நீர்ப்பறவை அது. வறண்ட குளத்தின் கரையில் வந்து இறங்கியதைப் பார்த்து விலங்குகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது உடும்பு. அதுதான் முதலில் கேட்டது.

"என்ன தப்பு செஞ்சீங்க ஐயா? தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க?"

"மாத்தலை. நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றது அரிவாள்மூக்கன்.

"கேட்டு வாங்கினீங்களா? அப்போ தலையில அடி ஏதாவது பட்டிருக்கும்."

எல்லாம் சிரித்தன. அரிவாள்மூக்கனும் சிரித்தது. பிறகு கூடத்தின் ஏற்பாட்டைச் சொன்னது. வேலை செய்ய நிழலான இடம் உண்டு. கருவி உண்டு. தெரியாததைச் சொல்லித்தர வேறு காட்டிலிருந்தும் ஆள் வரவழைக்கலாம். செய்தது சரியாக வராவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடைசி வாக்கியத்தை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. அரசாங்கம் கோபிக்காது என்று யார்தான் நம்புவார்கள்?

அந்தக் காட்டில் செம்பி என்றோர் அலங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், கூர்மையான நகம், நீண்ட நாக்கு. எறும்புதான் அதன் உணவு. காட்டில் பழமோ கிழங்கோ இருந்தால் எறும்பும் இருக்கும். இல்லாவிட்டால் அலங்கும் பட்டினிதான். செம்பியின் அக்கா மருதி அடுத்த கோடையோடு ஆற்றங்காட்டுக்குப் போய்விடுவதாக முடிவு செய்திருந்தது. பிறந்ததிலிருந்து இரண்டும் ஒரே வளையில் இருந்தவை. அக்கா இல்லாத வளையைச் செம்பியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

செம்பியிடம் ஒரு யோசனை இருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் எறும்பு தேடி ஒரு கறையான் புற்றைப் பிளந்தபோது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஒரு பாலைப்பழம் எப்போதோ உருண்டு அதற்குள் விழுந்திருந்தது. மரத்தில் பழம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தும், அந்தப் பழம் அன்று பறித்தது போல இருந்தது. அப்படியானால் புற்றுமண்ணிலேயே பானை செய்து, வாயை மூடி, பழத்தை அதில் சுமந்துகொண்டு போனால் என்ன?

இதைச் சொல்லத்தான் செம்பி கூடத்துக்குப் போனது. அதன் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் ஓர் அலுவலகத்தின் வாசலில்கூட நின்றதில்லை.

"வாங்க. என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டது அரிவாள்மூக்கன்.

அவ்வளவுதான். செம்பி சுருண்டுவிட்டது. அலங்குகள் பயந்தால் தலையை வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டு பந்து போல் சுருண்டுவிடும். புலியே வந்தாலும் பிரிக்க முடியாது.

அரிவாள்மூக்கன் மறுபடி கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு காலில் நின்றுகொண்டு தன் வேலையைப் பார்த்தது. வெயில் ஏறி இறங்கியது. நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு பந்து மெதுவாகப் பிரிந்தது.

"ஐயா, இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா?"

"நான் எங்க போறது? இதானே என் உத்தியோகம்."

செம்பி அன்று பானையைப் பற்றி எல்லாம் சொன்னது. கூடத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

அடுத்த சில மாதங்களைச் செம்பி ஒருபோதும் மறக்கவில்லை. பானைச் சுவரைக் கீறிச் சமன் செய்ய முள்ளம்பன்றிகள் உதிர்த்த முட்களை அரிவாள்மூக்கன் வரவழைத்துக் கொடுத்தது. பானையின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தபோது, மலைக்காட்டிலிருந்து ஒரு மண்குளவியை அழைத்து வந்தது. மண் கூடு கட்டுவதில் குளவியை மிஞ்ச யார்? பத்து நாள் அது கூடவே இருந்து சுவர் எழுப்பச் சொல்லிக்கொடுத்தது. ஒரு சாதாரண அலங்குக்காக அரசாங்கம் ஒரு குளவியைக் காடு விட்டுக் காடு அனுப்புகிறதா என்று மருதிக்கே ஆச்சரியம்.

"உனக்காகவா வந்துச்சு? பெரிய ஆள்தான்டி நீ. இனிமே என்கூட எல்லாம் பேசுவியா?" என்று அக்கா சீண்டியது.

பானை நன்றாக வந்தது. அடுத்த கோடையும் வந்தது. மரங்கள் பழுக்கத் தொடங்கிய நேரத்தில், அரிவாள்மூக்கனைக் கூட்டத்துக்காகத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார்கள். அது இல்லாத அந்த நாட்களில் செம்பி பானையைச் சோதித்தது. பழம் நிரப்பி, வாயை மூடி, வெயிலில் வைத்தது.

ஐந்து நாள் பழம் பழமாகவே இருந்தது. ஆறாம் நாள் காலையில் பானையின் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மதியம் அதில் நகம் நுழைந்தது. சாயங்காலம் புளித்த வாடை.

நான்கு பானை வைத்துப் பார்த்தது. நான்கும் ஆறாம் நாள் வெடித்தன. மூன்றை உடைத்துப் போட்டது. நான்காவதை மட்டும் ஏனோ உடைக்க மனம் வராமல் ஒரு முட்புதருக்குள் தள்ளி வைத்தது. அக்காவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

உடைந்த ஓடுகளைப் பார்த்து உடும்பு விஷயத்தைத் தெரிந்துகொண்டது.

"இதை அந்தக் கொக்குமூக்கன்கிட்ட சொல்லிடாத" என்றது உடும்பு.

"கொக்கு இல்லண்ணே, அரிவாள்மூக்கன்."

"எதுவோ ஒண்ணு. இந்தா பாரு தங்கச்சி, சங்கதி உனக்குத் தெரியாது. மலைக்காட்டுக் கூடத்துல தேன் வடிகட்டி செஞ்சு விக்கிறாங்களாம். சதுப்புக் காட்டுல நாணல் கூடை போகுதாம். நம்ம காட்டுல என்ன இருக்கு? வெடிச்ச பானை. இது மேல தெரிஞ்சா கூடத்தைத் தூக்கி வேற காட்டுல வச்சிடுவாங்க."

"நிசமாவா?"

"பின்ன? ஒரு வருசம் பார்ப்பாங்க. அப்புறம் மூட்டை கட்டிடுவாங்க. நீ வாயைத் திறக்காம இரு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

உடும்பு கெட்டது இல்லை. தன் காட்டுக்கு முதல் முறையாக ஒன்று கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் எண்ணம். பிடித்ததை விடாத சாதி அது. தலைநகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அரிவாள்மூக்கனை வழியிலேயே மடக்கி, "பத்து நாள் ஐயா! பழம் கல்லு மாதிரி நின்னுது" என்று சொல்லிவிட்டது.

அரிவாள்மூக்கன் செம்பியிடம் ஓடி வந்தது. "பத்து நாளா? அப்படியா?"

செம்பி சுருண்டுவிட்டது. கூச்சத்தில் சுருண்டதாக அரிவாள்மூக்கன் நினைத்துக்கொண்டது. மகிழ்ச்சியோடு தலைநகருக்குச் செய்தி அனுப்பியது. தொழில் அமைச்சரான கடமான் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

அமைச்சர் வரும் அன்று காலையில் காடே அல்லோலகல்லோலப்பட்டது. முயல்கள் பாதையைப் பெருக்கின. அணில்கள் தோரணம் கட்டின. அரிவாள்மூக்கன் அமைச்சரை எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக உடும்பு மரத்தடிக்குப் போய் நல்ல பழமாகப் பறிக்கச் செய்து, கூடத்தில் இருந்த பத்து பானைகளை நிரப்பி வாயை மூடியது. "இது பத்து நாளைக்கு முன்னாடி வச்சது. ஞாபகம் இருக்கட்டும்" என்று பழம் பறித்த விலங்குகளிடம் மட்டும் சொல்லி வைத்தது.

கடமான் வந்தது. அகன்ற கொம்பு. வந்த வேகத்தில் தோரணம் கொம்பில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட நேரமில்லாமல் நேரே பானைகளிடம் போனது. ஒன்றைத் திறந்து ஒரு பழத்தை வாயில் போட்டது. கண்ணை மூடி மென்றது.

"பத்து நாள் ஆன பழமா இது? இப்போதுதான் பறித்தது போல் இருக்கிறதே!"

உடும்பு பணிவாகத் தலை குனிந்துகொண்டது.

அமைச்சருக்கு உற்சாகம் பொங்கியது. "இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஆற்றங்காட்டிலிருந்து சுமை தூக்க நூறு காட்டுப்பன்றிகளை அனுப்புகிறேன். இந்தக் கோடையின் மொத்தப் பழத்தையும் யாரும் தின்று தீர்க்க வேண்டாம். எல்லாவற்றையும் பானையில் ஏற்றுங்கள். பழம் வந்து இறங்கியதும் அதே பன்றிகள் கிழங்கோடு திரும்பும். வருடம் முழுக்க இந்தக் காட்டில் பஞ்சம் இருக்காது."

விலங்குகள் ஆரவாரம் செய்தன. செம்பி மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. மொத்தப் பழமுமா? ஏழு நாள் நடை. ஆறாம் நாள் வெடிப்பு. தலை தானாக வயிற்றை நோக்கி இறங்கியது. செதில்கள் மூடின. உள்ளே இருட்டு.

அந்த இருட்டுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

"ஐயா, என் வளைக்கு முன்னால ஒரு பாலைமரம் இருக்கு. அதையும் ஏத்திக்கிடுங்க. எட்டு பானை தேறும். நான் கிளம்பறதா இருந்தேன். கிழங்கு வரும்னா நான் எதுக்குப் போகணும்? இருந்துடறேன்."

செம்பி இதற்காகத்தானே ஒரு வருடம் பாடுபட்டது? அக்கா இருக்கிறேன் என்கிறது. ஆனால் கையில் இருக்கும் பழத்தையும் கொடுத்துவிட்டு, கிழங்கும் வராமல், அக்கா நடுக்கோடையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும். அக்கா மட்டுமா? ஆரவாரம் செய்கிற அத்தனை விலங்குகளும்.

பந்து பிரிந்தது. அந்தக் காட்டில் ஓர் அலங்கு அவ்வளவு சீக்கிரம் பிரிந்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, இந்தப் பழம் இன்னைக்குக் காலையில பறிச்சது."

ஆரவாரம் நின்றது.

"அதுக்கு பயத்துல புத்தி கலங்கிப்போச்சுங்க" என்றது உடும்பு அவசரமாக.

"கலங்கலண்ணே. ஐயா, என் பானை அஞ்சு நாள்தான் தாங்கும். ஆறாம் நாள் வெடிச்சிடும். நாலு பானை வச்சுப் பார்த்துட்டேன். பொறுப்பாளர் ஐயாவுக்கு இது தெரியாது. அவர் கேட்டப்போ நான் சொல்லல. தப்பு என்னுதுதான்."

சொல்லிவிட்டுச் செம்பி நிற்கவில்லை. முட்புதருக்கு ஓடி, ஒளித்து வைத்த நான்காவது பானையை உருட்டிக்கொண்டு வந்து அமைச்சரின் காலடியில் நிறுத்தியது. வெடிப்பின் வழியாகப் புளித்த வாடை குப்பென்று வந்தது. முயல்கள் மூக்கைப் பொத்திக்கொண்டன.

கடமான் கொம்பில் தொங்கிய தோரணத்தை ஒரு மரத்தில் உரசிக் கழற்றிப் போட்டது.

"நூறு பன்றிகள்" என்றது. "நூறும் அழுகிய பழத்தைச் சுமந்துகொண்டு ஆற்றங்காட்டுக்குள் நுழைந்திருக்கும். அதற்கப்புறம் பாலைமரக் காடு என்று சொன்னால் ஒரு பன்றியாவது வருமா? ஒருவராவது கிழங்கு கொடுப்பாரா?"

உடும்பு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

இதற்குள் அரிவாள்மூக்கன் பானையின் அருகே போயிருந்தது. வளைந்த மூக்கை வெடிப்பினுள் விட்டு, கொஞ்சம் மண்ணைக் கிள்ளி எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தது.

"வாயை மூடறதுக்கும் பூசறதுக்கும் எந்த மண்ணு எடுத்தீங்க செம்பி?"

"குளத்து மேல் மண்ணுதாங்க ஐயா. புற்றுமண்ணுல கலந்து பூசுவேன்."

"மேல் மண்ணு காஞ்சா சுருங்கும், சுருங்கினா வெடிக்கும். அதே குளத்துல ஒரு ஆள் ஆழம் தோண்டினா சாம்பல் நிறத்துல களி இருக்கும். அதுல காஞ்ச புல்லைப் பொடியா நறுக்கிப் போட்டுப் பிசைஞ்சா இவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. வழியில ஒரு இடத்துல நிறுத்தி, ஈரக்களியால இன்னொரு பூச்சு கொடுத்தா இன்னும் ரெண்டு நாள் தாங்கும்."

செம்பி வாயைப் பிளந்தது. "இது உங்களுக்கு எப்படிங்க ஐயா தெரியும்?"

"பொறந்ததிலேர்ந்து நான் சேத்துலதான் நிக்கிறேன். சேத்தைப் பத்தி என்னைக் கேட்காம வேற யாரைக் கேட்கப்போறீங்க?"

"கேட்டா நீங்க மேல எழுதிடுவீங்க, கூடத்தை மூடிடுவாங்கன்னு…"

"மூடவா? யார் சொன்னது?"

எல்லா விலங்குகளும் உடும்பைப் பார்த்தன. உடும்பு ஒரு கல்லுக்குப் பின்னால் போக இடம் தேடியது.

"மலைக்காட்டுக் கூடத்தில் முதல் பதினோரு வடிகட்டிகளும் தேனைப் பிடிக்காமல் ஈயைப் பிடித்தன" என்றது கடமான். "சதுப்புக் காட்டின் முதல் கூடை என் கண் முன்னாலேயே கிழிந்தது. அப்படியெல்லாம் மூடுவதாக இருந்தால் ஏழு கூடத்தையும் எப்போதோ மூடியிருப்போம்."

பிறகு அமைச்சர் அங்கேயே புது ஏற்பாடு செய்தது. நூறு பன்றிகள் வேண்டாம், முதலில் பத்து போதும். மொத்தப் பழமும் வேண்டாம், நாற்பது பானை மட்டும். பாதி வழியில் கல்லூற்று என்றொரு நீர்ச்சுனை இருந்தது. பானைகளுக்கு மறுபூச்சு கொடுக்க அங்கே கூடத்தின் கிளை ஒன்று அமையும். நல்லபடியாகப் போய்ச் சேரும் பழம் எவ்வளவானாலும் அரண்மனையே முதலில் வாங்கிக்கொள்ளும்.

அமைச்சர் போன பிறகு உடும்பு கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது. செம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு ஆள் ஆழம் தோண்டணும்னாரே. குளத்துத் தரை பாறை மாதிரி கிடக்கு. நகம் உள்ளவன் ஒருத்தன் வேணுமில்ல?"

"வேணும்ணே" என்றது செம்பி.

உடும்பு மூன்று நாள் தோண்டியது. ஆழத்தில், சாம்பல் நிறத்தில், வழவழவென்று களி வந்தது. அரிவாள்மூக்கன் அதில் காலை வைத்து நின்றுகொண்டு, அந்தக் காட்டுக்கு வந்த பிறகு இப்போதுதான் கால் குளிர்கிறது என்றது.

நாற்பது பானைகள் புறப்பட்டன. கல்லூற்றில் மறுபூச்சு கொடுக்கும் பொறுப்பை மருதி ஏற்றுக்கொண்டது. ஏழாம் நாள் ஆற்றங்காட்டில் பானைகளைத் திறந்தார்கள். முப்பத்து மூன்றில் பழம் நன்றாக இருந்தது. ஏழு கெட்டுப் போயிருந்தன. கூடவே போயிருந்த செம்பி, கெட்ட ஏழையும் முதலில் திறந்து காட்டியது. எந்தெந்தப் பானையில் புல் சரியாகக் கலக்கவில்லை என்று அமைச்சர் கேட்கும் முன்பே சொன்னது. ஒரு முறைகூடச் சுருளவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு முறை சுருண்டது, ஆனால் உடனே பிரிந்துவிட்டது.

பன்றிகள் கிழங்கோடு திரும்பின. அடுத்த நடையில் முப்பது பன்றிகள் வந்தன. அந்தக் கோடை முடிந்தபோது பாலைமரக் காட்டை விட்டு ஒரு குடும்பமும் கிளம்பவில்லை. கூடத்து வாசலில் புதிதாக ஏதோ செய்து பார்க்க ஒரு கீரியும் இரண்டு காடைகளும் வரிசையில் நின்றன.

அந்தக் கோடையின் ஒரு நடையில், ஆற்றங்காட்டிலிருந்து திரும்பும் வழியில் செம்பி கல்லூற்றில் இறங்கியது. முழங்கை வரை களி அப்பிக்கொண்டு மருதி ஒரு பானைக்குப் பூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஆற்றங்காட்டுக்குப் போறதா இருந்தேன். பாதி வழியிலயே வேலை கிடைச்சிடுச்சு. வளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர முடியாது, ஆனா நிலவுக்கு நிலவு வந்துடுவேன்" என்றது அக்கா.

"அது போதும்க்கா" என்றது செம்பி.

உதவ வந்தவரிடம் தன் குறையை மறைக்காமல் காட்டுகிறவருக்கே அந்த உதவி முழுமையாகப் பலன் தரும்.